சின்ன மதர்போர்டை எவ்வளவு தூரம் விரட்டலாம்? நுவரெலியாக் குளிரில் பட்ட பாடு

[திரை: இரவு. மேசை விளக்கு வெளிச்சத்தில் டிபன் கேரியர் அளவுக்கு ஒரு கம்பியூட்டர். ஜன்னலுக்கு வெளியே மூட்டம்.]

போன ஜனவரியில் ஒரு ராத்திரி. நுவரெலியாவில் அறைக்குள்ளேயே 14 டிகிரி. ஸ்வெட்டருக்கு மேலே போர்வையைச் சுற்றிக்கொண்டு, ஒரு கல்யாண வீடியோவை ரெண்டர் போட்டுவிட்டு, அதாவது எடிட் பண்ணியதை முழு வீடியோவாக ஆக்கச் சொல்லிவிட்டு, உட்கார்ந்திருக்கிறேன். புரொசசர் ரைசன் 7 2700, எட்டு கோர், 2018இல் வந்தது. எட்டு கோரும் சேர்ந்து உழைக்கும்போது என் மெஷினில் 3.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் ஓடுகிற சாமான். அன்றைக்கு அதை ஓவர்கிளாக் பண்ணி, அதாவது வழக்கமாக ஓடுகிறதைவிடக் கூடிய வேகத்துக்குத் தள்ளி, 4.1க்கு ஏற்றிவைத்திருந்தேன். கொழும்புக்காரன் ஏசி போட்டாலும் கிடைக்காத குளிர் நமக்கு ஓசியில் கிடைக்கிறதே என்று ஒரு தலைக்கனம் வேறு. புரொசசர் சூடு 74 டிகிரி, பயப்பட ஒன்றுமே இல்லை.

ஏழாவது நிமிடத்தில் ரெண்டர் படுத்துவிட்டது.

கிராஷ் ஆகவில்லை. நீலத் திரை வரவில்லை. வேகம் மட்டும் 4.1இல் இருந்து பொத்தென்று ஒரு கிகாஹெர்ட்ஸுக்கும் கீழே விழுந்தது, கொஞ்சம் மூச்சு வாங்கி மேலே வந்தது, திரும்ப விழுந்தது, இப்படியே வேலை முடியும் மட்டும் விளையாட்டு. ஒன்றையும் ஏற்றாமல் விட்டிருந்தால் 58 நிமிடத்தில் முடிகிற வேலை, ஏற்றிய புண்ணியத்தில் ஒரு மணி பத்து நிமிடம் இழுத்தது. புரொசசர் சூடு அப்போதும் 74க்கு மேலே போகவில்லை. அப்படியானால் பிரேக் போட்டது யார்?

[திரை: மதர்போர்ட் மேலிருந்து. கேமரா மெதுவாகப் புரொசசர் சாக்கெட்டுக்கு இடப்பக்கம் நகர்கிறது.]

இவர்தான். சாக்கெட்டுக்கும் பின்பக்க யுஎஸ்பி ஓட்டைகளுக்கும் நடுவே நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிற இந்தக் கூட்டம். சாம்பல் நிறச் சின்னச் சதுரக் கட்டிகள் சோக். பக்கத்தில் இருக்கிற கறுப்புச் சில்லுகள் மாஸ்ஃபெட். இந்த முழு ஏற்பாட்டுக்கும் பெயர் விஆர்எம். பவர் சப்ளையில் இருந்து வருவது 12 வோல்ட், புரொசசருக்கு வேண்டியதோ ஒரு வோல்ட், ஒன்றேகால் வோல்ட். அந்த 12ஐ ஒன்றாக இறக்கிக் கொடுப்பதுதான் விஆர்எம் வேலை. வோல்டேஜ் இறங்கினால் அந்த அளவுக்கு ஆம்பியர் ஏறும், பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். 150 வாட்டை 1.35 வோல்ட்டில் கொடுக்க வேண்டுமென்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள், 111 ஆம்பியர். வீட்டில் ஒரு பிளக் பாயிண்டுக்கு 13 ஆம்பியர் ஃபியூஸ்தான் போடுகிறோம். இங்கே பெருவிரல் அகலத்துக்கு ஒரு செப்புத் தகட்டில் 111 ஆம்பியர் ஓடுகிறது!

இந்தச் சுமையை ஒரே ஆள் தூக்குவதில்லை, ஃபேஸ் ஃபேஸாகப் பிரித்துத் தூக்கும். கொழுந்து மூட்டையை லொறிக்கு ஏற்ற எட்டுப் பேர் நிற்பதும் நாலு பேர் நிற்பதும் ஒன்றா? என் போர்டில் நாலு பேர்தான். 111ஐ நாலாகப் பிரித்தால் ஆளுக்கு 28 ஆம்பியர். ஏற்றாமல் ஓட்டியபோது ஆளுக்கு 18தான் இருந்தது. 18க்கும் 28க்கும் என்ன பெரிய வித்தியாசம், ஒன்றரை மடங்குதானே என்று தோன்றும். ஆனால் கம்பியிலும் மாஸ்ஃபெட்டிலும் வீணாகிற சூடு ஆம்பியரின் வர்க்கத்தோடு ஏறும். 28ஐ 18ஆல் வகுத்து வர்க்கம் பண்ணினால் 2.4. அதாவது நான் வேகத்தை 20 சதவீதம் ஏற்றியதற்கு அந்த நாலு பேருடைய முதுகில் சூடு இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது.

புரொசசர் பக்கமும் இதே கதைதான். அது தின்கிற வாட் வேகத்தோடு நேராக ஏறும், வோல்டேஜோடு வர்க்கமாக ஏறும். 3.4க்கு எனக்கு 1.05 வோல்ட் போதுமாக இருந்தது, 4.1க்கு 1.35 கொடுத்தால்தான் நின்றது. பெருக்கினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு வாட். கடைசி இருநூறு முந்நூறு மெகாஹெர்ட்ஸுக்குக் கொடுக்கிற விலை எப்போதும் அநியாய விலை. இது பெரிய போர்டுக்கும் பொது. பெரிய போர்ட் அந்த விலையைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கும், சின்னது கடன்பட்டுவிடும்.

[திரை: இரண்டு அட்டைத் துண்டுகள் பக்கத்தில் பக்கத்தில். ஒன்று 305க்கு 244, மற்றது 170க்கு 170 மில்லிமீட்டர்.]

ஏன் கடன்படுகிறது என்று அட்டை வெட்டிக் காட்டுகிறேன். பெரியது ஏடிஎக்ஸ், இன்டெல் 1995இல் கொண்டுவந்த அளவு. சின்னது மினி ஐடிஎக்ஸ், வியா கம்பனி 2001இல் கொண்டுவந்தது. பரப்பளவைப் பார்த்தால் சின்னது பெரியதில் ஐந்தில் இரண்டு பங்குதான். ஆனால் போர்ட் சின்னதாகிவிட்டதே என்று சாக்கெட் சின்னதாகாது. ரேம் ஸ்லாட் அதே நீளம், கிராஃபிக்ஸ் ஸ்லாட் அதே நீளம், 24 ஊசி பவர் கனெக்டர் அதே சைஸ். லயத்துக் காம்பராவுக்குள் பங்களாக் கட்டிலைப் போட்ட மாதிரி. எல்லாரும் உட்கார்ந்த பிறகு மிஞ்சுகிற ஓரத்தில்தான் விஆர்எம்முக்கு இடம். அதன் தலையில் வைக்கிற ஹீட்சிங்க்குக்கும், அதாவது சூட்டை இழுத்துக் காற்றில் விடுகிற உலோகக் கட்டிக்கும், அதே ஓரம்தான். மலிவு போர்டுகளில் அதுவும் இருக்காது, மாஸ்ஃபெட் மொட்டைத் தலையோடு நிற்கும்.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். எல்லாச் சின்ன போர்டும் நோஞ்சான் இல்லை. விலை கூடிய மினி ஐடிஎக்ஸ் போர்டுகளில் எட்டு, பத்து ஃபேஸ் வைத்து, ஒவ்வொன்றுக்கும் 60, 90 ஆம்பியர் தாங்குகிற சாமான் போட்டு, கனமான ஹீட்சிங்க்கும் வைத்து விற்கிறார்கள். அப்படி ஒன்று உங்களிடம் இருந்தால் இந்த வீடியோவில் பாதி உங்களுக்கு இல்லை, ரேம் பகுதிக்குத் தாவிவிடுங்கள். நான் பேசுவது நம்மில் முக்கால்வாசிப் பேர் செகண்ட் ஹேண்டில் வாங்குகிற போர்டைப் பற்றி.

சரி, குளிருக்கு வருவோம்.

[திரை: தேயிலை மலைச்சரிவு, காலை. மூட்டம் ஏறுகிறது.]

நுவரெலியா கடல் மட்டத்தில் இருந்து 1868 மீட்டர். இங்கே குளிர் இருக்கிறது, சந்தோஷம். ஆனால் காற்று மெல்லிசு. காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் 80 சதவீதம் பக்கம்தான். குளிர்ந்த காற்று கொஞ்சம் அடர்த்தி கூடியது என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், கொழும்பில் ஒரு ஃபேன் ஒரு சுற்றில் தள்ளுகிற காற்றைவிட இங்கே அதே ஃபேன் எடையில் ஆறில் ஒரு பங்கு குறைவாகத் தள்ளுகிறது. சூட்டைத் தூக்கிக்கொண்டு போவது காற்றின் எடைதான், சத்தம் இல்லை. ஆக, குளிரில் கிடைக்கிற லாபத்தில் ஒரு பங்கை உயரம் திருப்பி வாங்கிக்கொள்கிறது. அப்படியும் லாபம் நம் பக்கம்தான், மறுக்கவில்லை. 30 டிகிரி அறைக்கும் 14 டிகிரி அறைக்கும் உள்ள தூரம் பெரிய தூரம். நான் நினைத்த அளவு லாபம் இல்லை என்பதுதான் விஷயம்.

அதைவிடப் பெரிய விஷயம், அந்தக் குளிர் பெட்டிக்குள்ளே போகிறதா? தேயிலை ஃபேக்டரியில் கொழுந்து வாட்டுகிற மாடியைப் பார்த்திருப்பீர்கள். வலைக்கு மேலே கொழுந்தைப் பரப்பி, கீழே ஃபேனால் காற்று விடுவார்கள். அளவாகப் பரப்பினால் காற்று ஒவ்வொரு இலைக்கும் ஏறும். லொறி வந்துவிட்டதே என்று அவசரத்தில் குவித்துக் கொட்டினால் ஃபேன் என்னதான் கத்தினாலும் அடியில் இருப்பது அவிந்துபோகும். சின்ன கேஸ் அப்படித்தான். கிராஃபிக்ஸ் கார்ட், பவர் சப்ளை, தடித்த கேபிள் எல்லாவற்றையும் திணித்து மூடினால், வெளியே 14 டிகிரி இருந்தென்ன, விஆர்எம் பக்கத்தில் இருக்கிற காற்று 50 டிகிரியில் அப்படியே நின்றுகொண்டிருக்கும்.

இங்கேதான் என்னுடைய முட்டாள்தனம். அந்த ரைசனோடு பெட்டியில் ஒரு ஃபேன் வந்தது, மேலே இருந்து கீழே பார்த்து ஊதுகிற சாதாரண ஃபேன். அதைக் கழற்றிப் போட்டுவிட்டு ஆசை ஆசையாக, தண்ணீரை ஓட்டிச் சூட்டை இழுக்கிற ஒரு வாட்டர் கூலர் மாட்டினேன். புரொசசர் சூடு நன்றாக இறங்கியது. ஆனால் அந்தச் சாதாரண ஃபேன் கீழே ஊதிய காற்று புரொசசரில் பட்டுத் தெறித்து நாலு பக்கமும் போகும்போது விஆர்எம்மையும் தடவிவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. வாட்டர் கூலர் வந்த பிறகு அந்த மூலைக்குக் காற்றே இல்லை. விஆர்எம் எல்லை மீறிச் சூடானதும் போர்ட் புரொசசருக்கு ஒரு சைகை கொடுக்கும், "இறங்கு" என்று. புரொசசர் தன் சூடு 74தானே என்று வாதாடாது, இறங்கிவிடும்.

[திரை: இரண்டு வெப்பமானித் துப்பாக்கிகள்.]

இதை எப்படிக் கண்டுபிடித்தேன் தெரியுமா? பல மலிவு போர்டுகளில் விஆர்எம்முக்கு சென்சாரே இல்லை, எச்டபிள்யூ இன்ஃபோ மாதிரி சாஃப்ட்வேரில் தேடினாலும் அந்த வரி இருக்காது. அதனால் வெளியே இருந்து அளக்கப் பார்த்தேன். கொரோனா காலத்தில் கடை வாசலில் நெற்றிக்கு நீட்டுவார்களே, அந்தத் துப்பாக்கி வீட்டில் கிடந்தது. நீட்டினேன், "ஹை" என்று காட்டியது. அது காய்ச்சல் பார்க்கிற சாமான், நாற்பத்துச் சொச்சத்துக்கு மேலே அதற்குக் கணக்குத் தெரியாது! அப்புறம் மோட்டார் கராஜ் வைத்திருக்கிற ஒரு அண்ணனிடம் எஞ்சின் சூடு பார்க்கிற துப்பாக்கியை இரவல் வாங்கினேன். அதுவும் முதலில் 46 என்று பொய் சொன்னது. பளபளப்பான அலுமினியத்தில் நேரே அடித்தால் அது சரியாக வாசிக்காது, அலுமினியத்தின் சூட்டைவிட எதிரே இருக்கிற பொருளின் பிரதிபலிப்பைத்தான் அதிகம் பார்க்கும். ஹீட்சிங்க்கில் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, டேப்பில் அடித்துப் பார்த்தேன். 97. ஹீட்சிங்க்கே 97 என்றால் உள்ளே இருக்கிற மாஸ்ஃபெட் இன்னும் கூட. வாட்டர் கூலரை அன்றைக்கே கழற்றினேன், பழைய ஃபேன் திரும்ப ஏறியது.

ஆகவே சின்ன போர்டில் எல்லை எங்கே என்று கேட்டால், புரொசசர் சூட்டைப் பார்க்காதீர்கள், கிராஷ் வருகிறதா என்றும் காத்திருக்காதீர்கள். ஒரு நீண்ட வேலையைக் கொடுத்து கடிகாரத்தைப் பாருங்கள். புரொசசர் வேகத்தை அளக்கிற சினிபெஞ்ச் சாஃப்ட்வேரை ஒரு சுற்று ஓட்டி நல்ல எண் வந்துவிட்டது என்று படம் பிடித்துப் போடுகிறவர்களை நம்பவே வேண்டாம். ஒரு சுற்று ஓடி முடிவதற்குள் ஹீட்சிங்க் சூடாகியே இருக்காது. குறைந்தது அரை மணி நேரம் தொடர்ந்து ஓட்டுங்கள், கேஸ் மூடியை மூடி வைத்து ஓட்டுங்கள். மூடியைத் திறந்து வைத்துச் சோதித்துவிட்டு, அப்புறம் மூடிப் பாவிப்பது தன்னைத் தானே ஏமாற்றுகிற வேலை.

[திரை: பயோஸ் திரை. பெருக்கி 38, வோல்டேஜ் 1.200.]

நான் கடைசியில் வந்து நின்றது 3.8 கிகாஹெர்ட்ஸ், 1.2 வோல்ட். பயோஸில், அதாவது மெஷின் தொடங்கும்போது போர்டின் செட்டிங்கை மாற்றுகிற திரையில், அடிக் கடிகாரம் 100 மெகாஹெர்ட்ஸ், பெருக்கி 38, இரண்டையும் பெருக்கினால் வேகம், அவ்வளவுதான். 4.1இல் இருந்து வேகம் ஏழு சதவீதம்தான் குறைந்தது, வாட் கால்வாசிக்கு மேலே குறைந்தது. அதே கல்யாண வீடியோ 53 நிமிடம். ஃபோனில் ஒருவர், "இது என்ன ஓவர்கிளாக், என்னுடையது 4.2 போகிறதே" என்றார். போகட்டும். ஒரே மலையில் பறித்த கொழுந்தே நாளுக்கு நாள் ஒரே மாதிரி இராது, சிலிக்கனும் அப்படித்தான். ஒரே பெயர் போட்ட இரண்டு புரொசசரில் ஒன்று 1.2இல் நிற்கும், மற்றது 1.3 கேட்கும்.

பெருக்கியை விட்டுவிட்டு அடிக் கடிகாரத்தை ஏற்றலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். வேண்டாம். இன்டெல்லில் 2011இல் சாண்டி பிரிட்ஜ் வந்ததில் இருந்து அந்தக் கடிகாரத்தோடு மற்றப் பாதைகளும் கட்டப்பட்டுவிட்டன, சில மெகாஹெர்ட்ஸ் ஏற்றினாலே ஹார்ட் டிஸ்க் காணாமல் போகும். பிறகு வந்த சில தலைமுறைகளில் கொஞ்சம் இளகியது, அது தனிக் கதை.

ரேம். இதில்தான் சின்ன போர்டுக்குச் சிரிக்க ஒரு வாய்ப்பு. மினி ஐடிஎக்ஸில் பெரும்பாலும் இரண்டே ஸ்லாட்தான், அதை எல்லாரும் குறையாகச் சொல்வார்கள். ஆனால் ஸ்லாட் குறைந்தால் புரொசசருக்கும் ரேமுக்கும் இடையில் பாதை குட்டை, கிளை இல்லை, சிக்னல் சுத்தம். நாலு ஸ்லாட் போர்டில் காலியாகக் கிடக்கிற ஸ்லாட்கூடச் சிக்னலை எதிரொலிக்க வைக்கும். ரேம் வேகத்தில் சாதனை வைப்பதற்கென்றே செய்கிற விலை உயர்ந்த பெரிய போர்டுகளில்கூட வேண்டுமென்றே இரண்டு ஸ்லாட்தான் வைக்கிறார்கள். என்னுடைய 2700க்கு எழுத்தில் கொடுத்த ரேம் வேகம் 2933. பயோஸில் எக்ஸ்எம்பியை, அதாவது ரேமிலேயே எழுதிவைத்திருக்கிற கூடிய வேக செட்டிங்கை, ஆன் பண்ணி 3200இல் ஓட்டுகிறேன், ரேமில் பிழை தேடுகிற மெம்டெஸ்ட்டை ஒரு ராத்திரி முழுக்க ஓட்டியும் ஒரு பிழை வரவில்லை. பழைய ரைசன்களில் கோர்கள் ஒன்றோடொன்று பேசுகிற பாதையும் ரேம் வேகத்தோடுதான் ஓடும், அதனால் அந்த லாபம் இரட்டை. கிராஃபிக்ஸ் கார்ட் இல்லாமல், கிராஃபிக்ஸை உள்ளேயே வைத்திருக்கிற ரைசன் 3400ஜி மாதிரி ஒன்றை வைத்திருப்பவர்கள் வேறு எதையும் தொடுவதற்கு முன்னால் ஒற்றை ரேமை இரட்டை ஆக்குங்கள், கேமில் தெரிகிற வித்தியாசம் அங்கேதான்.

[திரை: ஆபீஸ் பாவனைக் குட்டிக் கம்பியூட்டர்கள் வரிசையாக.]

டவுனில் இந்த ரீகண்டிஷன் ஆபீஸ் பெட்டிகளை வாங்கிக்கொண்டு வந்து, "அண்ணே, இதைக் கொஞ்சம் ஏற்றிக் கொடுங்கள்" என்று கேட்கிற தம்பிமாருக்கு ஒரே வரி: ஏறாது. பயோஸில் அந்தப் பக்கமே இருக்காது. இன்டெல்லில் கே எழுத்துப் போட்ட புரொசசரும், போர்டில் இசட் வரிசைச் சிப்செட்டும் (போர்டை நடத்துகிற சில்லு) சேர்ந்தால்தான் பெருக்கி திறக்கும், இந்தப் பெட்டிகளில் வருவது பெரும்பாலும் கியூ சிப்செட். ரைசனிலும் ஏ320, ஏ520 போர்டுகளில் பூட்டுத்தான். பி450, பி550 என்றால் திறந்திருக்கும். மிகக் குட்டிப் பெட்டிகள் லேப்டாப் சார்ஜர் மாதிரி 65 வாட் அடாப்டரில் ஓடுபவை, ஏற்ற வழி இருந்தாலும் கொடுக்கக் கரண்ட் எங்கே? எஸ்எஸ்டி போடுங்கள், ரேம் போடுங்கள், புரொசசருக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவே தடவியிருக்கிற பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிது தடவுங்கள். காய்ந்து சுண்ணாம்பாகிப் போன பேஸ்ட்டோடு வருகிற பெட்டிக்கு அது ஒன்றே பாதி ஓவர்கிளாக்.

கரண்ட் என்றதும் ஞாபகம் வருகிறது. தலவாக்கலையில் மேல் கொத்மலை நீர்மின் திட்டத்தின் அணை இருக்கிறது, திட்டம் 150 மெகாவாட், அங்கிருந்து மலை ஏறினால் எங்கள் வீட்டு பல்ப் சாயங்காலம் ஆறு மணிக்கு மினுக்கும்! நல்ல பவர் சப்ளை அந்த மினுக்கலைத் தாங்கும், ஏற்றிவைத்த மெஷினில் மலிவு பவர் சப்ளை தாங்காது. ஏப்ரலிலும் ஐப்பசி மாதத்திலும் பின்னேரம் இடி இறங்குகிற நாட்களில் பிளக்கைக் கழற்றுங்கள், ரவுட்டர் வயரையும் சேர்த்து. அதற்கு ஓவர்கிளாக் பண்ணியிருக்க வேண்டும் என்றில்லை.

மூட்டம் பற்றியும் கேட்பீர்கள். ஓடுகிற மெஷினுக்குள் ஈரம் படியாது, அது அறையைவிடச் சூடாகத்தான் இருக்கும். மாதக்கணக்கில் அணைத்து வைத்த மெஷின்தான் பிரச்சினை. ரேமின் தங்கப் பற்களில் மங்கல் படியும், அழிறப்பரால் தேய்த்துவிட்டுப் போட்டால் சரி.

[திரை: ஃபோனில் வீடியோ கால். மறுபக்கம் ஒரு கை, ஒரு ஸ்க்ரூ டிரைவர்.]

கடைசியாக என் மச்சான் கதை. வெள்ளவத்தையில் அறை எடுத்து வேலை செய்கிற மாமா மகன், தைப்பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தபோது தன் மெஷினையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தான். அதுவும் சின்ன போர்ட், அதே 2700. இங்கே வைத்து 4.0, 1.3 வோல்ட் என்று செட் பண்ணினோம், இரண்டு மணி நேரம் அசையாமல் ஓடியது. கொண்டுபோனான். மூன்றாம் நாள் ஃபோன். கேம் போட்டால் மூடிக்கொள்கிறதாம். அறை 31 டிகிரி, மேல் மாடி, ஜன்னலைத் திறந்தால் காலி வீதித் தூசி. சிலிக்கன் சூடு ஏற ஏற அதே வேகத்துக்கு இன்னும் கொஞ்சம் வோல்டேஜ் கேட்கும், கொடுத்தால் இன்னும் சூடாகும். நான் வேகத்தைக் குறை என்று சொல்வதற்கு முன்னமே அவன் தானாக வோல்டேஜை ஏற்றி, ரேமையும் ஏதோ நோண்டி, சேவ் பண்ணிவிட்டான். கறுப்புத் திரை.

"மச்சான், பேட்டரியைக் கழற்று" என்றேன், பயோஸில் மாற்றியதெல்லாம் அழிந்து பழையபடி ஆகட்டும் என்று. பேட்டரியைக் காணோம் என்கிறான். இடம் பற்றாமல் சில சின்ன போர்டுகளில் அந்த வட்ட பேட்டரியை வயரில் கோத்து, பின்பக்க ஓட்டைகளுக்குப் பக்கத்தில் நிறுத்தி ஒட்டியிருப்பார்கள், கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றாமல் கை போகாது. சரி, பேட்டரி வேண்டாம். பிளக்கைக் கழற்று, ரேம் ஸ்லாட்டுக்குப் பக்கத்தில் இரண்டு ஊசி தனியாக நிற்கும், எழுத்தை வாசி. "சிஎல்ஆர் சிமோஸ்" என்றான், அதுவும் அந்த செட்டிங்கை அழிக்கிற ஊசிதான். ஸ்க்ரூ டிரைவர் நுனியால் இரண்டையும் சேர்த்துத் தொடு, பத்து எண்ணு. எண்ணினான், சத்தமாக, ஏழுக்குப் பிறகு ஒன்பது என்று. பிளக்கைச் செருகிப் பட்டனை அமுக்கினான். ஃபேன் சுற்றியது, அணைந்தது, திரும்பச் சுற்றியது, திரையில் போர்டின் படம் வந்தது.

3.7, 1.15 வோல்ட். வெள்ளவத்தையில் இன்றைக்கும் அதுதான் ஓடுகிறது.